ஆம்பூர் பியட்டா, டர்போ ஹேட்ச்பேக்கா?

கேட்டவர் ஆம்பூர்க்காரர், வயது 38. பத்து வருடமாகப் பெங்களூருவில் வேலை. ஒயிட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. மனைவி, ஏழு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். வீட்டுத் தேவைக்கு ஒரு எர்டிகா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓட்ட இன்னொரு வண்டி வேண்டும், கையில் பன்னிரண்டு லட்சம். ஊரில் ஒருவர் 1974 பியட்டை மூன்றரை லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். தாத்தா வைத்திருந்தது போலவே, அதே வெளிர் நீலம். இன்னொரு பக்கம் மனசு ஹூண்டாய் ஐ20 என் லைன், இல்லையென்றால் செகண்ட் ஹேண்ட் போலோ டிஎஸ்ஐ என்று இழுக்கிறது. இரண்டும் டர்போ ஹேட்ச்பேக், அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பி வேகம் கூட்டும் சின்ன கார்கள். "எதை எடுத்தால் ஐந்து வருஷம் கழித்தும் சந்தோஷமாக இருப்பேன்?" என்று கேட்டிருக்கிறார். அடித்தளத்தில் உள்ள ஒரே பார்க்கிங் எர்டிகாவுக்கு, இரண்டாவது இடம் திறந்தவெளி. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

நான் காக்ஸ் டவுனில் இருக்கிறேன். 1970ஆம் வருடத்து பியட் 1100 டிலைட் ஒன்றைப் பத்தொன்பது வருடமாக வைத்திருக்கிறேன். நடுவில் ஆறு வருடம் ஒரு டர்போ ஹேட்ச்பேக்கும் அதன் பக்கத்திலேயே நின்றது. இரண்டையும் ஒரே தெருவில், ஒரே மழையில் வைத்து ஓட்டியவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

இப்போதைக்கு டர்போவை எடுங்கள். கியர் மேனுவலாக இருக்கட்டும். பியட் மேல் உயிராக இருக்கிற ஆள் இப்படிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம், பியட் மேல் உள்ள பிரியத்தால்தான் சொல்கிறேன். உங்கள் நிலைமையில் அந்த வண்டியை எடுத்தால் கஷ்டப்படப்போவது முதலில் அந்த வண்டி.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் காரைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியவை இரண்டு: ஒரு மெக்கானிக், ஒரு கூரை. கார் மூன்றாவது. என் வண்டிக்கு சிவாஜி நகரில் ஒரு பாய் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறார். பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்தவர். பானெட்டைத் திறந்து காதை லேசாகச் சாய்த்தாலே தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளி கூடிவிட்டது என்று சொல்லிவிடுவார். அவரிடம் மீட்டர் எதுவும் கிடையாது. அவர் பையன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை செய்கிறான், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரைத் தொட மாட்டான். பாய் வேலையை விட்டுவிட்டால் நான் யாரிடம் போவது என்பதற்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. அதனால்தான் கடந்த நான்கைந்து வருடமாக, டியூனிங் செய்யும்போது பக்கத்திலேயே நின்று நானும் கற்றுக்கொண்டு வருகிறேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து சிவாஜி நகர் வரை ஒரு கார்பரேட்டர் வண்டியை மாதம் ஒருமுறை கொண்டுவர உங்களால் முடியுமா? அதுவும் கடை திறந்திருக்கும் வேலை நாளில்? இந்தக் கேள்விக்கு மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

கூரை விஷயம் இதைவிட முக்கியம். பெங்களூரு மழை சென்னை மழை மாதிரி நவம்பரில் கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை. ஏப்ரல், மே மாலைகளில் இடியோடு ஆரம்பித்து அக்டோபர் வரைக்கும் விட்டு விட்டு வரும். திறந்தவெளியில் நிற்கிற பியட்டுக்குக் கவர் போட்டால் தகரத்துக்கும் கவருக்கும் நடுவில் ஈரம் நின்று பெயின்ட் கொப்புளிக்கும், கவர் போடாவிட்டால் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கால்மிதிக்கு அடியில் தேங்கும். அந்தக் கால வண்டிகளின் தகரத்துக்கு இப்போதைய கார்களுக்குக் கிடைக்கும் துரு எதிர்ப்புப் பூச்சு கிடையாது. இரண்டே மழைக்காலம் போதும், டிங்கரிங், பெயின்டிங் என்று நீங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, பழைய வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பதில் நியாயமாக இருக்காது.

டிசம்பர் மாதம், காலை ஐந்தே முக்கால். ஷெட்டுக் கதவைத் திறந்தால் பெட்ரோலும் பழைய ரெக்சினும் கலந்த ஒரு வாசனை. சாவி போடும் முன் சோக்கை, அதாவது குளிர்ந்த இன்ஜினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் கம்பியை, முழுதாக இழுக்க வேண்டும். அந்தக் கம்பி இழுபடும்போது விரலில் ஒரு சின்ன உரசல் தெரியும். ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் முதலில் இருமும், அடுத்த தடவை பிடிக்கும். உடனே கிளம்பக் கூடாது. ஒரு நிமிடம் நின்று, சத்தம் மாற மாற சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் கியர் லீவரை இடது கையால் இழுத்து ஃபர்ஸ்டில் போட்டால், லீவர் போய் உட்கார்ந்ததை உள்ளங்கையே சொல்லும். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டை தாண்டியதும் முன் கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அப்போது முள் அறுபதில் இருக்கும். அறுபதிலேயே வண்டி ஓட்டுகிறோம் என்ற உணர்வு கை, கால், காது எல்லாவற்றிலும் இருக்கும். 1089 சிசி, நாற்பது சொச்சம் குதிரைத்திறன், அவ்வளவுதான். அந்த நாற்பதில் ஒன்றைக்கூட வீணாக்காமல் ஓட்டுவதில்தான் அதன் ருசி.

டர்போவில் அந்த ருசி வேறு இடத்தில் இருக்கிறது. ஐ20 என் லைன் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 120 பிஎஸ், அதாவது கிட்டத்தட்ட அதே அளவு குதிரைத்திறன். அறுபதில் போனால் அது தூங்குகிறது, உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அதை எழுப்ப மலை ஏற வேண்டும். உங்களுக்கு நந்தி மலையைவிட ஏலகிரி பொருத்தம் என்பேன். நந்தி பக்கம்தான், ஆனால் ஞாயிறு விடிகாலையில் பெங்களூருவில் பாதிப் பேர் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். ஏலகிரி நூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கிருஷ்ணகிரி வழியாக நல்ல சாலை. மேலே ஏற பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். பையன் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே வருவான். வளைவுக்கு முன் பிரேக், செகண்ட் கியர், வளைவின் பாதியில் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் டர்போ நெஞ்சைப் பிடித்து சீட்டோடு தள்ளும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்பதால் இறங்கும்போது பயம் இல்லை. அங்கிருந்து ஆம்பூர் பக்கம்தானே, அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். என் பியட்டில் அதே ஏலகிரிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். போய் வந்தது சந்தோஷம்தான், ஆனால் இறங்கும்போது நான்கு டிரம் பிரேக்கும் சூடேறி, பெடல் ஆழமாகப் போக ஆரம்பித்ததும் ஓரம் கட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன்.

நேர்ச்சாலை வேகத்துக்காக யாரும் டர்போ வாங்க வேண்டாம். மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் கார் வேக வரம்பு 100, வழி நெடுகக் கேமரா. 2024 ஆகஸ்ட் 1 முதல் கர்நாடகாவில் 130ஐத் தாண்டினால் அபராதத்தோடு விடுவதில்லை, வழக்கே பதிவாகிறது. இந்த ஊரில் சந்தோஷம் வளைவில்தான்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. கார்பரேட்டர் வண்டிக்கு இது நேராகத் தெரியும். ஆம்பூரில் அருமையாக ஓடிய பியட், கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏறியதும் கொஞ்சம் மந்தமாகும், பிளக்கில் கரி பிடிக்கும், ஏனென்றால் பெட்ரோல் அதே அளவு இறங்குகிறது, காற்று குறைந்துவிட்டது. இங்கே வந்ததும் கலவையைத் திருத்த வேண்டும். டர்போ தனக்கு வேண்டிய காற்றைத் தானே அழுத்தி எடுத்துக்கொள்வதால் இந்த உயரம் அதற்குப் பெரிதாகத் தெரியாது.

பெட்ரோலைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் கடந்த சில வருடங்களில் பழைய வண்டிக்காரர்களுக்கு வந்த பெரிய மாற்றம் இதுதான். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய வகை ரப்பரை ஊற வைத்து விரிசல் விடச் செய்யும், கார்பரேட்டரின் உலோகத்தை அரித்து வெள்ளைப் பொடி படியச் செய்யும். மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்திய வண்டியை ஒரு ஞாயிறு காலை நான் ஸ்டார்ட் செய்தபோது பெட்ரோல் வாடை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தால், பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸ் நகத்தால் கீறினாலே பிளக்கிற நிலைமையில் இருந்தது, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே சூடான இன்ஜின். ஒரு பொறி போதும். அந்த ஹோஸை ஒன்றரை வருடம் முன்புதான் அவசரத்துக்குக் கிடைத்ததை வாங்கி நானே மாட்டினேன். அன்றைக்கே எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினோம். பம்ப்பின் டயஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் எல்லாம் புதிது. சீட்டுக்கு அடியில் தீயணைப்பான் அன்று முதல் நிரந்தரம். இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு அணைக்கிறேன்.

இதே கணக்கு செகண்ட் ஹேண்ட் போலோவுக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில்தான் இருபது சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் கட்டாயம். போலோ இந்தியாவில் 2022லேயே நின்றுவிட்டது. நல்ல வண்டி, ஸ்டீயரிங் கனமும் கதவு சாத்தும் சத்தமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1.0 டிஎஸ்ஐயில் ஆறு கியர் மேனுவலும் வந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்கு என்று கேட்பவருக்கு நான் என் லைனைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: 2021இல் வந்த முதல் என் லைனில் கிளட்ச் பெடல் உள்ள மேனுவல் கிடையாது. பெடல் இல்லாத ஐஎம்டியும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும்தான் இருந்தன. 2023 செப்டம்பரில் வந்த மாற்றத்தில்தான் முழு மேனுவல் வந்தது, ஆறு ஏர்பேக்கும் எல்லா ரகத்திலும் வந்தது. ஆக, அதற்குப் பிறகு உள்ள மேனுவல் ஒன்றைத் தேடினால் எத்தனால், கியர், பாதுகாப்பு மூன்றும் ஒரே வண்டியில் கிடைத்துவிடும். புதிதாக எடுப்பதாக இருந்தால் கர்நாடகாவின் சாலை வரியைக் கணக்கில் வையுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள காருக்கு 17 சதவீதம், அதன் மேல் செஸ். ஷோரூம் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஆன்ரோடு விலையில் பட்ஜெட் உடைந்துவிடும். ஒன்றிரண்டு வருடம் ஓடிய வண்டி என்றால் அந்த வரியின் பாரத்தை முதல் ஆள் சுமந்துவிட்டிருப்பார்.

ஏன் மேனுவல் என்று அடம் பிடிக்கிறேன் என்றால், என்னிடம் இருந்த டர்போவில் உலர் கிளட்ச் வகை, அதாவது எண்ணெயில் ஊறாத, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை, இந்த வகை பல நிறுவனங்களில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதைப்போல் சுகம் கிடையாது. ஆனால் சில்க் போர்டிலும் மாரத்தஹள்ளியிலும் தினம் ஊர்ந்தால், பாதி பிடித்துப் பாதி விடும் நிலையிலேயே கிளட்ச் தேய்ந்து சூடேறும். நான்காவது வருடம் நடுங்க ஆரம்பித்தது, வாரன்டி அப்போதுதான் முடிந்திருந்தது. மாற்றுவதற்கு வந்த பில், என் பியட்டை முழுதாகப் பெயின்ட் அடிப்பதற்குச் சமம். மேனுவல் கிளட்ச் தேய்ந்தால் அதில் ஒரு பகுதிதான் செலவு.

குழந்தைகளைப் பற்றி. நீங்கள் எழுதியதில் நான் அதிகம் யோசித்த வரி, "பசங்களும் கூட வருவார்கள்" என்பதுதான். 1974 பியட்டில் பின்சீட்டில் பெல்ட் கிடையாது. குழந்தை இருக்கையை ஒழுங்காகக் கட்ட இடமில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஏபிஎஸ் இந்தியாவில் கார்களுக்குக் கட்டாயமானதே 2019இல்தான். நல்ல மெக்கானிக்கை வைத்துப் பெல்ட் பொருத்தலாம், நான் பொருத்தியிருக்கிறேன். ஆனால் மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி அந்த உடம்பு வடிவமைக்கப்படவில்லை, ஸ்டீயரிங் தண்டு நேராக ஓட்டுபவரின் நெஞ்சைப் பார்த்து இருக்கிறது. டிரம் பிரேக் வண்டிக்கு முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விட வேண்டும். பெங்களூருவில் அந்த இடைவெளியில் மூன்று ஸ்கூட்டர் வந்து நிற்கும். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை விடிகாலையில் காலிச் சாலையில் மட்டும்தான் பியட்டில் ஏற்றுவேன். நெடுஞ்சாலைக்கு ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

ஆம்பூர் வண்டியின் காகிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1974 என்பது பெயர் மாறிய சமயம். பிரீமியர் பிரெசிடென்ட் என்று இருந்தது பத்மினி ஆனது, அதனால் ஆர்.சி. புத்தகத்தில் எது எழுதியிருந்தாலும் பதற வேண்டாம். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள், ஒரு துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துப்போய்த் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆர்.சி. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் அறுநூறிலிருந்து ஐயாயிரம் ஆனது, இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலப் பதிவுகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. ஏறாவிட்டால் முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் ஏற்ற வேண்டும், விற்பவரே அதை முடித்துக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகுதான் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, கர்நாடகாவில் மறுபதிவு, இங்கே வரி. வேறு மாநிலப் பதிவோடு ஒரு வருடத்துக்கு மேல் இங்கே ஓட்ட முடியாது.

ஐம்பது வருடம் தாண்டியதால் வின்டேஜ் பதிவு வாங்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2021 ஜூலையில் வந்த விதி அது. புதுப் பதிவுக்கு இருபதாயிரம், நம்பரில் விஏ என்ற எழுத்து, பத்து வருடம் செல்லும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்கு மட்டும்தான் அந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு டிபன் சாப்பிடப் போவது அதில் வராது. ஓட்ட ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நல்லது.

இந்தத் தலைவலிகள் இருந்தும் ஒரு நல்ல செய்தி: பழைய கார்களிலேயே பியட்டுக்குத்தான் பாகம் சுலபமாகக் கிடைக்கிறது. மும்பை குர்லாவில் 2000ஆம் வருடம் வாக்கு வரை தயாரானது, மும்பையில் டாக்ஸியாக ஓடியது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது, இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரில்தான் சாலையை விட்டுப் போனது. டாக்ஸிக்காரர்களுக்காக உருவான பாகச் சந்தை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜே.சி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினால் பிரேக் சிலிண்டர், வாட்டர் பம்ப், கேபிள் கிடைக்கும். உடம்புப் பாகத்துக்கு சிவாஜி நகர் குஜரி என்ற பழைய பாகச் சந்தை. அதில்லாததை லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

இதனால்தான் நடுவழி ஒன்றைச் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறேன். 2000 வாக்கில் விற்ற ஹோண்டா சிட்டி விடெக், போர்டு ஐகான் 1.6, பேலியோ 1.6, மாருதி ஜென் போன்றவை. ஓட்டுவதற்கு இவைதான் உண்மையிலேயே இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருப்பவை. எடை குறைவு, ஸ்டீயரிங்கில் சாலை தெரியும், ஏசியும் வேலை செய்யும். சிட்டி விடெக்கின் 106 குதிரைத்திறன் மேல் ஆர்.பி.எம்.மில் பாடுவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பேலியோவைத் தந்த நிறுவனம் 2019இல் இங்கே கார் விற்பனையை முடித்துக்கொண்டது, ஐகானைத் தந்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. இன்ஜின் பாகம் எப்படியாவது கிடைத்துவிடும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் ஹெட்லைட்டும் ஒரு சென்சாரும் உடைந்தால் லேத்தில் கடைய முடியாது. ஜென் மட்டும் விதிவிலக்கு. துரு இல்லாத ஒரு ஜென் ஒன்றிரண்டு லட்சத்துக்குக் கிடைத்தால், வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி கிடையாது. 993 சிசி அலுமினிய இன்ஜின், பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும்.

ஆம்பூர் வண்டியை எப்படியும் ஒருமுறை போய்ப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள், தப்பில்லை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, வாசல்படிக்குக் கீழ் உள்ள பெட்டிப் பகுதி என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சு. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள், கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள், விற்பதற்காக அடித்த பெயின்டுக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், அதன் சிலிண்டரை இரண்டாவது தடவையும் கடைந்து சரிசெய்துகொள்ளலாம். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை எப்போதாவது திறந்திருந்தால் கடினமான வால்வ் சீட் போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள், ஏனென்றால் 2000 பிப்ரவரி முதல் ஈயம் இல்லாத பெட்ரோல்தான் நாடு முழுக்க. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களின் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது.

பார்த்துவிட்டு வந்தபின் ஒரு விஷயத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் வண்டியில் உங்களுக்கு நினைவிருப்பது பின்சீட்டு, அதாவது தாத்தாவின் முதுகும் ஜன்னல் காற்றும். வண்டியைத் துடைத்தது, கிரீஸ் அடித்தது, கொதித்த ரேடியேட்டருக்குத் தண்ணீர் தூக்கியது எல்லாம் அவர். அந்த வேலையும் உங்களுக்குப் பிடிக்குமா என்பது முன்சீட்டில் நான்கைந்து ஞாயிறு உட்கார்ந்தால்தான் தெரியும். பிடித்துவிட்டால், கூரை உள்ள இடத்தை ஏற்பாடு செய்துகொண்டு, பெண்ணுக்கு ஏழெட்டு வயது ஆனபின் வாங்குங்கள். ஆம்பூர் வண்டி அதற்குள் போய்விடுமே என்று அவசரப்பட வேண்டாம். பியட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்குள் என் லைன் நான்கைந்து வருடம் ஓடி, விற்றாலும் கணிசமாகக் கையில் வரும்.

அல்சூர் ஏரிக்கரையில், நடைபாதை வாசல் பக்கம், மழை இல்லாத ஞாயிறுகளில் ஆறு மணிக்கு நான் வண்டியோடு இருப்பேன். எர்டிகாவில் வாருங்கள், பையனையும் கூட்டி வாருங்கள். பக்கத்துக் காலித் தெருக்களில் ஒரு சுற்று போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பலாம். போகும்போது நான் ஓட்டுகிறேன், வரும்போது நீங்கள் ஓட்டுங்கள். சோக்கை இழுக்கிற வேலையைப் பையனுக்குக் கொடுத்துவிடலாம்.